குல்மர்க்கில் அக்காளின் சத்தியாக்கிரகம்

மார்கழி மாதத்துப் பனிக்கே தலையையும் காதையும் சேர்த்து மப்ளரால் கட்டிக்கொண்டு, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று சொல்லும் வம்சத்தில் பிறந்தவன் நான். பனி என்றால் எங்களுக்குப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி; பொழுது விடிந்து ஒரு நாழிகைக்குள் போய்விடும் சமாசாரம். ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் வெண்பனியையும், அதன்மேல் நீண்ட கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மனிதர்கள் வேண்டுமென்றே சறுக்கிப் போவதையும், அதற்காகப் பணம் வேறு கொடுப்பதையும் படங்களில்தான் பார்த்திருந்தேன். 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், காஷ்மீரத்துக் குல்மர்க்கில் அந்த விநோதத்தை நேரில் காணும் பாக்கியம் கிடைத்தது. கண்டதோடு நில்லாமல் சறுக்கியும் பார்த்தேன். சறுக்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்று சொல்வதே உண்மைக்குப் பொருத்தம்.

ஆனால் இந்த வாரம் நான் எழுத வந்தது என் வீழ்ச்சியின் சரித்திரம் அல்ல. எழுபது வயதான என் அக்காள் அந்தப் பனி மலையில் ஒரு சத்தியாக்கிரகம் நடத்தினாள். அதைப் பற்றித்தான் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோஷ்டியில் மூன்று பேர்: அக்காள், அக்காளுடைய பதினாறு வயதுப் பேத்தி, இருவருடைய மூட்டைகளையும் தூக்குவதற்கு நான். ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் தங்மர்க் என்ற ஊர் இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே, சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறிக்கொண்டு மலை ஏற வேண்டும். கனத்த கோட்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். சுங்குடிப் புடவையின்மேல் கணுக்கால் வரை தொங்கும் கோட்டும், காலில் பூட்ஸும், நெற்றியில் விபூதிக் கீற்றுமாக அக்காள் கடையிலிருந்து வெளியே வந்தபோது, ருஷியாவின்மேல் படையெடுக்கப் புறப்பட்ட சேனாபதியைப் போலவே இருந்தாள்.

குல்மர்க் என்றால் பூக்களின் புல்வெளி என்று அர்த்தம். கௌரிமர்க் என்பது பழைய பெயர் என்றும், பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் இப்பெயரை மாற்றினார் என்றும் சொல்லுகிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8,700 அடி உயரத்தில் இருக்கிறது. நம்முடைய தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரமும் ஏறக்குறைய அதுவேதான். நமக்குச் சிகரமாக இருப்பது அவர்களுக்குப் புல்வெளி! தொட்டபெட்டாவில் நாம் பட்டாணி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறோம். அதே உயரத்தில், வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கும் காரணத்தால், குல்மர்க்கில் வீட்டுக் கூரைகள் பனியின் பாரத்தால் முனகுகின்றன.

* * *

காலில் ஸ்கீக்களைக் கட்டிக்கொண்டு சறுக்கும் விளையாட்டை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1927-ஆம் வருஷத்தில் அவர்கள் இங்கே ஒரு ஸ்கீ கிளப்பை ஸ்தாபித்தார்கள். அந்த நாளில் மேலே ஏற யந்திரம் கிடையாது. ஒரு தடவை சறுக்குவதற்கு ஒரு தடவை நடந்து ஏறியாக வேண்டும். சறுக்கும் ஆனந்தம் துரைமார்களுக்கு. சுமை தூக்கும் ஆனந்தம் காஷ்மீரிகளுக்கு.

இப்போது அந்த மலை பொதுஜனங்களின் மலை. கொண்டோலா என்று சொல்லும் தொங்கு வண்டியை ஓர் சர்க்கார் ஸ்தாபனமே நடத்துகிறது. கம்பியில் கோத்த மணிகளைப் போல் சிறு பெட்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன. பெட்டிக்கு ஆறு பேர். முதற்கட்டம் 1998-ல் திறக்கப்பட்டது. அது சுமார் 10,000 அடி உயரத்திலுள்ள கொங்டூரி வரையில் கொண்டு விடுகிறது. இரண்டாவது கட்டம் 2005-ல் திறக்கப்பட்டது. அது அபர்வத் மலையில் ஏறக்குறைய 13,000 அடி உயரத்துக்கே கொண்டுபோய்விடுகிறது. சீட்டு வாங்கிய எவரும் ஏறலாம். என்ன உத்தியோகம் என்று எவரும் கேட்பதில்லை.

இங்கே வருகிறவர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம். முதல் வகுப்பார், காலையில் வந்து, பனியைக் கையில் அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து, கைப்பேசியில் நூறு படங்கள் பிடித்து, சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மாலையில் திரும்பிவிடுகிறவர்கள். நம் தேசத்தவரில் பெரும்பாலோர் இவர்களே. இரண்டாம் வகுப்பார், கீழேயுள்ள சாய்வான மைதானத்தில் விழுந்து விழுந்து கற்றுக்கொள்கிறவர்கள். மூன்றாம் வகுப்பார், அபர்வத் உச்சியிலிருந்து யாரும் மிதிக்காத பனியில் இறங்குகிறவர்கள். அவர்கள் முதுகில் மண்வாரியும், பனிக்குள் புதைந்தவனைத் தேடும் கருவியும் இருக்கும். அலங்காரத்துக்காக அல்ல. 2023 பிப்ரவரியில் அந்தப் பக்கத்துச் சரிவில் பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டார் இருவர் இறந்து போனார்கள். மேலே சறுக்குவது வேடிக்கை விளையாட்டு அல்ல.

இந்த மூன்று வகுப்பிலும் சேராத நாலாவது கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் ஸ்லெட்ஜ்காரர்கள். கட்டிலின் சட்டத்தைப் போன்ற சிறிய மரவண்டி, சக்கரம் கிடையாது, முன்னால் ஒரு கயிறு. பிரயாணியை அதில் உட்கார்த்தி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டின்மேல் இழுத்துப் போகிறார்கள். கனத்த மனிதர்கள் காலை நீட்டி உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டே போக, அவர்களை இழுக்கும் மெலிந்த மனிதர்களின் மூச்சு வெண்புகையாக வெளியே வருகிறது.

அக்காளுடைய சத்தியாக்கிரகம் இங்கேதான் ஆரம்பமாயிற்று.

* * *

வண்டியை விட்டு இறங்கியதும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களிடம் வந்தார். நீண்ட பிரான் அங்கி, அதற்குள்ளே நெருப்புச் சட்டி, நரைத்த தாடி. "மாஜி, உட்காருங்கள். மேட்டின்மேல் கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்றார்.

அக்காள் ஸ்லெட்ஜைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அவருடைய தோளைப் பார்த்தாள்.

"மனுஷனை மனுஷன் இழுக்கிறதா? எனக்கு வேண்டாம்" என்றாள்.

நேயர்கள் இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தகப்பனார் கதர் உடுத்தியவர். தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்ஷா ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம், நாங்கள் சென்னைக்குப் போனால், எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து திருவல்லிக்கேணிக்கு டிரங்குப் பெட்டியுடன் நடத்தியே அழைத்துப் போவார். "நம்மைப் போன்ற ஒருவன் இழுக்க, நாம் உட்கார்ந்து போவதா?" என்று கேட்பார். அக்காள் அதை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கியவன் நான் ஆகையால், என் ஞாபகம் சற்று வேறு விதமானது.

"மாஜி, இது என் தொழில்" என்றார் அவர்.

அக்காள் பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். "இதை வைத்துக்கொள்ளுங்கள். நான் நடந்தே வருகிறேன்."

அவர் நோட்டை வாங்கினார். நாலாக மடித்தார். மறுபடியும் அக்காளின் உள்ளங்கையிலேயே வைத்தார். "இதற்கு நான் என்ன செய்தேன்?" என்று கேட்டார்.

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இப்பக்கம் ஒரு சத்தியாக்கிரகி, ஏறமாட்டேன் என்கிறாள். அப்பக்கம் ஒரு சத்தியாக்கிரகி, ஏறாமல் வாங்கமாட்டேன் என்கிறார். இருவரும் நகர்வதாகக் காணோம். சுற்றிலும் கூட்டம் கூடத் தொடங்கியது.

அப்போது அவர் தம் கதையைச் சொன்னார். அந்த வருஷம் ஜனவரி முழுவதும் குல்மர்க்கில் பனியே இல்லை. வெறும் பழுப்பு நிறப் புல். ஸ்லெட்ஜ் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடியே கிடந்ததாம். மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. பனி இருக்கும் சில வாரங்களில் சம்பாதிப்பதைக் கொண்டுதான் குடும்பம் நடக்க வேண்டும். "தங்களைப் போன்ற நல்ல மனம் படைத்தவர்கள் எல்லாரும் நடந்தே போய்விட்டால், நாங்கள் என்ன செய்வது, மாஜி?" என்றார்.

அக்காள் பேசாமல் நின்றாள். தகப்பனார் சொல்லிக் கொடுத்த பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதிலைச் சொன்னவர் ஸ்லெட்ஜ்காரரேதான். சற்று நேரம் மேட்டைப் பார்த்துவிட்டு, "சரி, மாஜி. ஏறும்போது தாங்கள் என்னோடு நடந்து வாருங்கள். தங்கள் மூட்டைகளை நான் இழுக்கிறேன். இறங்கும்போது உட்காருங்கள். அப்போது இழுப்பது நான் அல்ல, மலை" என்றார்.

அக்காளின் முகம் மலர்ந்தது. "அது நியாயம்" என்றாள்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ஸ்லெட்ஜ்காரர், பக்கத்தில் அக்காள், ஸ்லெட்ஜின்மேல் மூட்டைகள், பின்னால் பேத்தி, அதற்கும் பின்னால் நான். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அக்காளின் கொள்கை எனக்கும் உண்டு, மூச்சுத்தான் இல்லை. பாதி மேட்டில், ஒருவரும் பார்க்கவில்லை என்று எண்ணி, மூட்டைகளோடு மூட்டையாக ஸ்லெட்ஜின்மேல் மெள்ள உட்கார்ந்தேன்.

கயிறு கனத்தது. ஸ்லெட்ஜ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காள் திரும்பிப் பார்த்தாள்.

"இறங்குடா!"

இறங்கினேன்.

அவர்கள் இருவரும் வழிநெடுகப் பேசிக்கொண்டே சென்றார்கள். அக்காள் அந்நாளில் ஹிந்திப் பிரசார சபையின் பரீட்சைகள் தேறியவள். அவளுடைய ஹிந்தி முழுவதும் "கிருபயா", "தன்யவாத்". அவருடைய பாஷை முழுவதும் "மெஹர்பானி", "ஷுக்ரியா". இருந்தாலும் அரிசி விலையும், பெண்ணின் கல்யாணச் செலவும், மூட்டு வலியும் அவர்களுக்குத் தடையில்லாமல் விளங்கின. அக்காளின் விரல்கள் விறைத்ததைக் கண்டு, அவர் அங்கிக்குள்ளிருந்து காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மேட்டின் உச்சியில் அவர் ஸ்லெட்ஜின் முன்புறத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்காள் பின்னால் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக் குதிகாலைப் பனியில் ஊன்றியிருந்தவர், மெதுவாகத் தூக்கினார். அவ்வளவுதான். "முருகா!" என்ற ஒரு சத்தம் மலைச்சரிவில் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே இழுப்பாகச் சென்றது. திருப்பத்தில் ஒரு குதிகால், வேகம் குறைக்க இரண்டு குதிகால். அவருக்கு வேறு கடிவாளம் இல்லை.

நான் நடந்து கீழே போய்ச் சேர்ந்தபோது, அக்காள் புடவையெல்லாம் பனியாக, சிறு பெண்ணைப் போல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடியும் ஏறலாமா?" என்றாள்.

அன்று மூன்று தடவை ஏறினாள். மூன்று தடவை இறங்கினாள். மூன்று தடவைக்கும் முழுக் கூலியையும் அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

* * *

மாலையில் அக்காள் அவரைக் கேட்டாள்: "உங்கள் பிள்ளையும் இந்தக் கயிற்றைத்தான் இழுக்கிறானா?"

"இல்லை, மாஜி. அவன் சறுக்கக் கற்றிருக்கிறான். மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறான்" என்று சொன்னபோது அவருடைய குரலே மாறிவிட்டது.

குல்மர்க்கில் மத்திய சர்க்காரின் சுற்றுலா இலாகாவைச் சேர்ந்த ஸ்கீ பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் சறுக்கும் வித்தையைப் பழகி அதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். 2022-ல் பீஜிங்கில் நடந்த பனிக்கால ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியாவின் சார்பில் போன ஒரே வீரரான ஆரிஃப் கானும் இந்த மலையில் பழகியவர்தான். அவருடைய தகப்பனார் குல்மர்க்கில் ஸ்கீ சாமான்கள் கடை வைத்திருந்தவர். பிள்ளையை நாலு வயதிலேயே பனியில் இறக்கிவிட்டாராம். 'ஜயன்ட் ஸ்லாலம்' என்னும் பந்தயத்தில் ஆரிஃப் கான் 45-வதாக வந்தார். நாற்பத்தைந்து என்ன பெரிய இடம் என்று சிரிப்பவர்கள், ஒரு தடவை ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு நின்று பார்க்கட்டும். போவது இருக்கட்டும், நின்று பார்க்கட்டும்.

நான் மறுநாள் காலையில் நின்று பார்த்தேன். ஸ்லெட்ஜ்காரரின் பிள்ளைதான் எங்கள் உபாத்தியாயர். இருபது வயதுக்கு மேல் இராது. முதல் பாடம் எப்படிப் போவது என்பதல்ல, எப்படி விழுவது என்பது. பக்கவாட்டில் உட்காருவதுபோல் விழ வேண்டும். இரண்டாவது பாடம் எப்படி எழுந்திருப்பது. மூன்றாவது பாடம் எப்படி நிற்பது. ஸ்கீக்களின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பகுதிகளை அகட்டி, உள்விளிம்புகளால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். அதற்குப் பனிக்கலப்பை நிலை என்று பெயர். நான் வைத்த கலப்பை நன்றாக உழுதது. ஆனால் பனியை அல்ல, என்னைத்தான்.

பேத்திக்கு ஸ்கீ பிடிக்கவில்லை. ஸ்னோபோர்டுதான் வேண்டும் என்றாள். அது இரு காலுக்கும் சேர்த்து ஒரே பலகை. பக்கவாட்டில் நின்று போக வேண்டும். 1965-ல் கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஷெர்மன் பாப்பென் என்பவர் தம் பெண்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்தார். இந்த விளையாட்டின் பிறப்புக்கு அதுவே முக்கியமான காரணம் என்பார்கள். ஆனால் குழந்தை வளர்ந்ததும் பழைய குடும்பத்தார் வாசலில் நிறுத்தினார்கள். ஸ்கீக்காரர்களின் மலைகள் பலவற்றில் பலகைக்காரர்களுக்கு இடமில்லை என்றார்கள். 1998-ல் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்த பிறகும் அமெரிக்காவில் மூன்று மலைகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. அவற்றில் ஒன்றான ஆல்ட்டாவின் பெரும்பகுதி அந்நாட்டு சர்க்காரின் காட்டு நிலம். பொதுநிலத்தில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று 2014-ல் பலகைக்காரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2016-ல் மேல் கோர்ட்டிலும் தோற்றார்கள். தீண்டாமையின் கொடுமை அறிந்த நாம், வேடிக்கைக்காகக்கூட இதை அதனோடு ஒப்பிடுவது தகாது. ஆனாலும் பொது இடம் என்று பெயர் வைத்தால் மட்டும் பொது இடமாகிவிடாது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

குல்மர்க்கில் அந்தப் பேதம் இல்லை. ஒரே சரிவில், ஒரே காலைப் பொழுதில், இரண்டு கட்டைக்காரர்களும் ஒற்றைப் பலகைக்காரர்களும் ஸ்லெட்ஜில் வந்தவர்களும் விழுந்துகொண்டிருந்தார்கள். டில்லியிலிருந்து வந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தர் என் பக்கத்தில் விழுந்தார். அவருடைய பதவியைப் பனி விசாரிக்கவே இல்லை. எங்கள் இருவரையும் கைகொடுத்துத் தூக்கியவர் அந்த ஸ்லெட்ஜ்காரரின் பிள்ளை. உத்தியோகஸ்தர் அவரை "உஸ்தாத்" என்று அழைத்ததைக் காதால் கேட்டேன்.

அக்காள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்த்தாயா? தகப்பன் இழுத்தால் 'ஏ ஸ்லெட்ஜ்' என்று கூப்பிடுகிறார்கள். பிள்ளை சொல்லிக் கொடுத்தால் குரு என்கிறார்கள். பணம் இரண்டுக்கும்தான் கொடுக்கிறோம்" என்றாள்.

நான் குல்மர்க்கில் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். அங்கே போகும் நம்மவர்கள் ஒரு நாளாவது தங்கி, ஒரு பாடமாவது கற்றுக்கொள்ள வேண்டும். தோளுக்குக் கூலி கொடுப்பதைவிட வித்தைக்குத் தக்ஷிணை கொடுப்பது மேல். கொடுப்பவனுக்கும் கௌரவம், வாங்குபவனுக்கும் கௌரவம். முழங்கால் சிராய்ப்பு இனாம். வயதானவர்களும் குழந்தைகளும் ஸ்லெட்ஜில் போகத்தான் வேண்டியிருக்கும்; அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். கால் உள்ளவர்கள் ஏறும்போது சற்றுத் தூரம் கூட நடந்து வரலாம்.

* * *

ஆனால் தகப்பனுடைய கயிற்றுக்கும் சரி, பிள்ளையுடைய வித்தைக்கும் சரி, ஆதாரம் ஒன்றே. வானத்திலிருந்து பனி விழ வேண்டும். 2025 பிப்ரவரியில் குல்மர்க்கில் நடக்க வேண்டியிருந்த தேசியப் பனிக்கால விளையாட்டுப் பந்தயங்கள், போதிய பனி இல்லாத காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச்சு மாதத்தில் நடந்தன. உலகம் சூடேறி வருகிறது என்று விஞ்ஞானிகள் சொல்வது நமக்குப் பத்திரிகைச் செய்தி. அந்த வீட்டுக்கு அது அடுப்புச் செய்தி.

ஊருக்குத் திரும்பிய பின் அக்காள் பனிமலையைப் பற்றி அதிகமாகப் பேசுவதில்லை. அண்டை வீட்டார் கேட்டால், "மூன்று தடவை சறுக்கினேன்" என்று சொல்லி முடித்துவிடுவாள். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால், விடியற்காலையில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பேத்தியின் அறை வாசலில் போய் நிற்கிறாள். அந்த உபாத்தியாயப் பிள்ளை பேத்தியின் கைப்பேசிக்கு அவ்வப்போது குல்மர்க்கின் படம் அனுப்புவது வழக்கம்.

"ஏண்டி, அங்கே பனி விழுந்ததா?" என்பதுதான் அக்காள் கேட்கும் முதல் கேள்வி. விழுந்தது என்று பதில் வந்தால்தான் காபி இறங்குகிறது.